பூனை என்பது குட்டி நாய் அல்ல! (தெள்ளுப்பூச்சி ஒழிப்பின் கதை)

போன வருஷம் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. எங்கள் வீட்டுப் பூனை மிளகு (கருப்பு உடம்பு, அதனால் அந்தப் பெயர்) இரவு பகலாகச் சொறிந்துகொண்டே இருந்தது. வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டி, தோல் சிவந்து கிடந்தது. முடியை விலக்கிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் பூச்சிகள் சரசரவென்று ஓடின. ஒன்றைப் பிடிக்கப் போனேன். தாவி என் சட்டை மேல் உட்கார்ந்தது.

கல்லூரியில் படிக்கிற பிள்ளை அல்லவா, உடனே "விஞ்ஞானபூர்வமாக" ஒரு முடிவு எடுத்தேன். கடைக்குப் போய்ப் பூச்சிக்கு மருந்து கேட்டேன். கடைக்காரர் ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். "இது நாய்க்குப் போடுறது தம்பி. பூனைக்குன்னா பாதி போடுங்க, போதும்" என்றார். பாதி போட்டேன்.

மதியம் போட்ட மருந்து. சாயங்காலம் மிளகின் காது துடிக்க ஆரம்பித்தது. அப்புறம் கால்கள். இருட்டுவதற்குள் உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. கால்நடை மருத்துவர் குப்பியை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இன்னும் மறக்கவில்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பூனையைக் கழுவினார்கள். நடுக்கத்தை அடக்க ஊசி, நரம்பு வழியாக டிரிப். இரண்டு ராத்திரி கழித்துத்தான் மிளகு தலையைத் தூக்கிப் பால் குடித்தது.

குப்பியில் இருந்தது பெர்மெத்ரின். ஒரு நாய் ஒன்றும் ஆகாமல் தாங்கிக்கொள்கிற மருந்து ஒரு பூனையை ஏன் சாவு வரைக்கும் கொண்டுபோகிறது? இந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்கத் தெரிந்தது, நான் செய்த தப்பு புதுசு இல்லை. மனிதர்கள் பல காலமாகத் திரும்பத் திரும்பச் செய்த தப்பு அது. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில், எதிரி யார்?

நம் ஊரில் நாய், பூனை மேல் இருக்கிற எல்லாப் பூச்சியையும் "உண்ணி" என்று சொல்லிவிடுவோம். உண்ணி வேறு. அதற்கு எட்டுக் கால், ஒரே இடத்தில் கடித்துத் தொங்கும். பேனும் வேறு. நான் சொல்வது தெள்ளுப்பூச்சி. ஆறு கால், இறக்கை கிடையாது, பக்கவாட்டில் நசுக்கியதுபோல உடம்பு, தாவும். பூனையின் பெயரைத் தாங்கிய தெள்ளுப்பூச்சி இனத்துக்கு 1835இல் ஜெர்மானியரான பூஷே அறிவியல் பெயர் வைத்தார். பெயர்தான் பூனைத் தெள்ளுப்பூச்சி. நாய்களின் மேலும் உலகெங்கும் பெரும்பாலும் இருப்பது இதே பூச்சிதான்.

நமக்குச் சொறிச்சல், அதற்கு ரத்தம், அவ்வளவுதானே என்று நினைக்கக் கூடாது. சின்னக் குட்டிகளுக்கு இது நிறைய ஏறினால் ரத்தசோகை வந்து செத்தே போகும். நாடாப்புழுவின் இளம்புழுவைச் சுமக்கிற தெள்ளுப்பூச்சியைப் பூனை நக்கி விழுங்கினால் வயிற்றில் நாடாப்புழு வளரும். பூனை கீறினால் நமக்கு வரும் ஒருவகைக் காய்ச்சலின் கிருமியும் பூனைக்குப் பூனை பரவுவது இந்தப் பூச்சியால்தான்.

தரையைப் பார்த்த காலம்

மனிதனும் பூனையும் சேர்ந்து வாழ்வது மிகப் பழைய கதை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதக் குழியின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பூனை வந்தால் தெள்ளுப்பூச்சியும் வரும். எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஏபர்ஸ் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடியில் தெள்ளுப்பூச்சிக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. நேட்ரான் என்ற உப்பைக் கரைத்து வீடு முழுக்கத் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான். கவனியுங்கள். மிருகத்தின் மேல் அல்ல, வீட்டில்!

இதே மாதிரி இன்னொன்று. 1393 வாக்கில் பாரிஸ் நகரத்தில் வயதான ஒரு கணவர் தன் இளம் மனைவிக்காக எழுதியதாகச் சொல்லப்படும் குடும்பக் கையேடு ஒன்று உண்டு. அதில் தெள்ளுப்பூச்சியை ஒழிக்கப் பல வழிகள். ஒன்று, தட்டுப்போல வெட்டிய ரொட்டித் துண்டில் பசையைத் தடவி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, ராத்திரி அறையில் வைப்பது. வெளிச்சத்துக்குத் தாவுகிற பூச்சி பசையில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் மின்விளக்கும் பசை அட்டையும் வைத்த பொறி கடையில் விற்கிறது. அறுநூறு வருஷத்தில் மெழுகுவத்தி மட்டும்தான் மாறியிருக்கிறது :)

ஆனால் இந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அழுக்கிலிருந்து தானாகவே உண்டாகிறது என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்துவிட்டார். அதையே ரொம்ப காலம் நம்பினார்கள். 1665இல் ராபர்ட் ஹூக் தன் 'மைக்ரோகிராஃபியா' புத்தகத்தில் நுண்ணோக்கியில் பார்த்த தெள்ளுப்பூச்சியை மடித்து வைக்கிற அளவு பெரிய படமாக வரைந்தார். அதே நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்தில் துணி வியாபாரியான லீவன்ஹூக், தெள்ளுப்பூச்சியை வளர்த்தே பார்த்துவிட்டார். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று பட்டாம்பூச்சி மாதிரியே நான்கு கட்டம். அழுக்கிலிருந்து தானாக ஒன்றும் வரவில்லை.

இந்த நான்கு கட்டம்தான் விஷயமே. ஒரு பெண் பூச்சி ரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு 40, 50 முட்டை கூட இடும். முட்டை ஒட்டாது, உதிரும். பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் விழும். புழு தரையிடுக்கில் இருந்துகொண்டு, மேலேயிருந்து உதிர்கிற பூச்சியின் காய்ந்த ரத்தக் கழிவைத் தின்னும். பிறகு தூசி ஒட்டிய கூட்டுக்குள் போய்விடும். அதிர்வும் சூடும் மூச்சுக் காற்றும் படும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலை மொய்ப்பது இதனால்தான். ஒரு வீட்டில் 100 இருந்தால் சுமார் 5தான் பூனை மேல் இருக்கும். மற்ற 95ம் முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில்.

எகிப்துக்காரர்கள் காரணம் தெரியாமலேயே சரியான இடத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

கராச்சியில் ஒரு பூனை

தெள்ளுப்பூச்சி வெறும் தொல்லை இல்லை, ஆளைக் கொல்லும் என்று தெரிந்தது நம் துணைக்கண்டத்தில்தான். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. பாஸ்டர் நிறுவனம் அனுப்பிய பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன்ட், எலியிலிருந்து மனிதனுக்கு இது தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் வருகிறது என்று சந்தேகப்பட்டார். 1898 ஜூனில் கராச்சியில் தங்கியிருந்த ஹோட்டலிலேயே ஒரு சோதனை செய்தார். பிளேக் வந்த எலி ஒன்றைப் பெரிய கண்ணாடி ஜாடியில் வைத்தார். தெள்ளுப்பூச்சி போதவில்லை. ஹோட்டலில் திரிந்த ஒரு பூனையின் மேல் ஏராளமாக இருந்தது, அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்! பிறகு நோயுள்ள எலியைத் தொட முடியாதபடி கூண்டில் ஒரு நல்ல எலியை உள்ளே தொங்கவிட்டார். முதல் எலி செத்தது. சில நாளில் இரண்டாவதும் செத்தது, பிளேக் கிருமியோடு.

சிமோன்டை அப்போது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1905க்குப் பிறகு பம்பாயில் வேலை செய்த ஆய்வுக் குழு சோதித்து உறுதிசெய்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். (பிளேக் பரப்புவதில் பெரிய பங்கு எலித் தெள்ளுப்பூச்சிக்குத்தான், பூனையின் பூச்சிக்கு அல்ல.) ஆனால் அதற்குப் பிறகு தெள்ளுப்பூச்சி என்றாலே "கொல்" என்பதுதான் முதல் எண்ணமாகிவிட்டது.

பூவிலிருந்து வந்த மருந்து

கொல்வதற்கு ஏற்கெனவே ஒரு நல்ல பொருள் கையில் இருந்தது. சாமந்தி வகையைச் சேர்ந்த பைரெத்ரம் என்ற வெள்ளைப் பூ. காயவைத்துப் பொடி செய்தால் பூச்சிகளின் நரம்பை முடக்கும். 19ஆம் நூற்றாண்டில் "பாரசீகப் பொடி", "டால்மேஷியப் பொடி" என்று ஐரோப்பா முழுக்க விற்றது. லண்டனில் 'கீட்டிங்ஸ் பவுடர்', வியன்னாவில் 'சாக்கெர்லின்' என்று டப்பா டப்பாவாக ஓடியது. 1890களில் ஜப்பானில் இதே பூவை வைத்துக் கொசுவர்த்தி செய்தார்கள். நம் வீட்டில் சுருள் சுருளாக எரிகிறதே, அதன் தாத்தா அதுதான்.

அந்தப் பொடிக்கு ஒரு "குறை" உண்டு. வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். பூனைக்கு அந்தக் குறைதான் பாதுகாப்பாக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிடிடியும் ஜாவாப் பூனைகளும்

1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் டிடிடியின் பூச்சி கொல்லும் சக்தியைக் கண்டுபிடித்தார். 1948இல் நோபல் பரிசு. மலிவு, நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் வேலை செய்யும். நாய்க்குத் தெள்ளுப்பூச்சியா, டிடிடி பொடி. மாட்டுக்கா, அதுவே.

பூனைக்கு? அங்கேதான் சிக்கல். பூனை நாள் முழுக்கத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. முடியில் என்ன போட்டாலும் அது வயிற்றுக்குப் போகும். பூனைக்கு டிடிடி போடாதீர்கள் என்று அப்போதே எச்சரித்தார்கள். ஆனால் பூனை மேல் போடாவிட்டாலும் போதாது என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது. மலேரியாவை ஒழிக்க வீட்டுச் சுவர்களில் பூச்சிமருந்து அடித்த ஊர்களில் பூனைகள் செத்தன. சுவரில் உரசிவிட்டு உடம்பை நக்கும், அவ்வளவு போதும். மத்திய ஜாவாவில் பூனை விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிப்போன அளவுக்குப் பூனைகள் செத்ததாக ரேச்சல் கார்சன் 1962இல் வெளியான 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகத்தில் எழுதினார்.

கொசுவுக்கு வைத்த குறி. செத்தது பூனை.

வீட்டுக்குள் வந்த பூனை

இதற்கிடையில் மேலை நாடுகளில் பூனையின் வாழ்க்கையே மாறிக்கொண்டிருந்தது. 1947இல் அமெரிக்காவில் எட்வர்டு லோ என்பவர் பூனை மலம் கழிக்கக் களிமண் துகளைப் பையில் போட்டு விற்க ஆரம்பித்தார். அதுவரை ராத்திரி வெளியே விடப்பட்ட பூனை, வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்க வழி கிடைத்தது. வீட்டுக்குள் கம்பளம், குளிருக்கு ஹீட்டர். தெள்ளுப்பூச்சிக்கு இதைவிட சொர்க்கம் உண்டா?

1960களில் கழுத்துப்பட்டை வந்தது. பிளாஸ்டிக்கில் டைகுளோர்வாஸ் போன்ற மருந்தைக் கலந்து, மெதுவாகக் கசியவிடும் பட்டை. மாட்டிவிட்டு மறந்துவிடலாம். ஆனால் பல பூனைகளுக்குக் கழுத்தில் புண் வந்தது. மருந்து கசிந்துகொண்டே இருக்கிற பட்டையைக் கட்டிய பூனையைக் குழந்தைகள் கட்டிப்பிடித்துத் தூங்குகிறார்களே என்ற கேள்வியும் பிறகு எழுந்தது. குழந்தைகளுக்கு ஆபத்து என்ற காரணத்தால், புரோபாக்சர் என்ற மருந்துள்ள பட்டைகளை நிறுத்திக்கொள்ள அமெரிக்காவில் 2014இல் முடிவானது.

என் கையிலிருந்த குப்பி

இப்போது மிளகின் மேல் நான் ஊற்றிய மருந்துக்கு வருவோம்.

அந்தப் பூவில் இருக்கும் ரசாயனத்தின் அமைப்பை ஸ்டாடிங்கர், ருஸிக்கா என்ற இரண்டு பேர் ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார்கள். (இருவருமே பின்னால் நோபல் வாங்கினார்கள்.) அமைப்பு தெரிந்தால் மாற்றிச் செய்யலாம் அல்லவா? இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டும் குழுவினரும் பல வருஷம் உழைத்து, வெயிலில் சிதையாத ஒரு செயற்கை வடிவத்தை 1973இல் அறிவித்தார்கள். அதுதான் பெர்மெத்ரின். பருத்தி வயலுக்கு அருமை. கொசுவலைக்கு அருமை. நாய்க்கும் நல்ல மருந்து.

பூனைக்கு விஷம்.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. உடம்புக்குள் வரும் பல வேதிப்பொருள்களைக் கல்லீரல் ஒரு சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டி, தண்ணீரில் கரையும்படி செய்து, வெளியே தள்ளும். அந்த ஒட்டும் வேலையைச் செய்யும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு பூனையில் உடைந்து கிடக்கிறது. இது 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் தெளிவானது. 2011இல் வந்த ஓர் ஆய்வு, வீட்டுப் பூனை மட்டுமல்ல, சிங்கம், சிறுத்தை வரை பூனைக் குடும்பத்துக்கே இந்த மரபணு வேலை செய்யவில்லை என்று காட்டியது. செடிகளில் இருக்கும் நச்சை முறிக்கத்தான் இந்த நொதி அதிகம் தேவை. கறி மட்டுமே தின்கிற பிராணிக்கு லட்சக்கணக்கான வருஷங்களாக அது தேவைப்படவில்லை. தேவைப்படாதது போய்விட்டது.

நாய் நம்மோடு சோறும் சாம்பாரும் சாப்பிடும். அதன் கல்லீரல் பெர்மெத்ரினைச் சமாளித்துவிடும். பூனையிடம் மருந்து அப்படியே தங்கி நரம்பைத் தாக்கும். நாய்க்கான குப்பியில் பெர்மெத்ரின் பாதி அளவு வரைக்கும் கூட இருக்கலாம். அதில் "பாதி போடு" என்பதற்கு அர்த்தமே கிடையாது. (நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும் இதே காரணத்தால்தான் பூனைக்கு விஷம். ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.)

நான் செய்ததும் கடைக்காரர் சொன்னதும் ஒரே நம்பிக்கையில்தான்: பூனை என்றால் குட்டி நாய். எடை குறைவு, அதனால் அளவு குறைவு. டிடிடி காலத்திலிருந்து எத்தனையோ பூனைகளுக்கு இதே கணக்கைப் போட்டிருப்பார்கள்.

பூச்சியின் பலவீனத்தைத் தேடிய காலம்

பிறகு ஆராய்ச்சியாளர்கள் வேறு பக்கம் யோசித்தார்கள். பூச்சியிடம் மட்டும் இருந்து, பூனையிடம் இல்லாதது எது? 1990களின் நடுவில் லுஃபெனுரான் வந்தது. பூனை இதைச் சாப்பிட்டால் தெள்ளுப்பூச்சி சாகாது. ஆனால் அதன் முட்டை பொரியாது, ஏனென்றால் பூச்சிக்கு ஓடு உண்டாக்கும் கைட்டின் ஒழுங்காக உருவாகாது. பூனைக்குக் கைட்டினே கிடையாது, அதனால் கவலை இல்லை. அதே காலத்தில் ஃபிப்ரோனில், இமிடாக்ளோபிரிட் என்ற மருந்துகள் வந்தன. பூச்சியின் நரம்பில் இறுகப் பற்றும், பாலூட்டிகளின் நரம்பில் அவ்வளவாகப் பற்றாது. பிடரியில் சில சொட்டு, மாதம் ஒரு தடவை.

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. இங்கிலாந்தில் 2016 முதல் 2018 வரை 20 ஆறுகளில் எடுத்த தண்ணீரை ஆராய்ந்தபோது 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரோனில் இருந்தது. அங்கே வயலில் அது பெரிதாகப் பயன்பட்டதே இல்லை. ஆராய்ந்தவர்கள் சந்தேகப்பட்டது குளிக்கும் நாய்களையும், செல்லப்பிராணிகளைத் தொட்ட கைகளைக் கழுவிய தண்ணீரையும்தான். பூனைக்குப் பாதுகாப்பான சொட்டு, ஆற்றில் இருக்கும் பூச்சிகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

ஆச்சி சொன்னது

மிளகு வீட்டுக்கு வந்த அன்று ஆச்சி என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, பூனையப் போட்டு இந்தப் பாடு படுத்துனியே, அது படுக்குற சாக்க எடுத்து வெயில்ல போட்டியா?" என்றாள். போடவில்லை. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

ஆச்சியே சாக்கைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி மொட்டைமாடியில் காயப்போட்டாள். திண்ணை இடுக்கெல்லாம் கூட்டிப் பெருக்கிக் குப்பையை எரித்தாள். பிறகு தன் பழைய பேன்சீப்பை எடுத்து மிளகை மடியில் போட்டுக்கொண்டு சீவினாள். சீப்பில் வருவதைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டினாள். அந்த மாதம் முழுக்க இதுவே அவள் சாயங்கால வேலை. டாக்டரும் தன் பங்குக்குப் பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை எடை பார்த்துக் கொடுத்திருந்தார்.

சீப்பு, சூடு, துடைப்பம். மூன்றும் ஆச்சிக்கு அவள் ஆச்சி சொல்லிக்கொடுத்தது. 2007இல் அமெரிக்காவில் ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், கம்பளத்தை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினாலே உள்ளே போன வளர்ந்த தெள்ளுப்பூச்சிகளில் 96 சதவீதம் செத்துவிடுவதாகவும், புழுவும் கூட்டுப்புழுவும் மொத்தமாகச் செத்துவிடுவதாகவும் சோதித்துக் காட்டினார்கள். ஆச்சியிடம் சொன்னேன். "இதுக்கு ஒரு காலேஜாக்கும்?" என்று கேட்டாள்.

ஆச்சி எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல வரவில்லை. வேப்பெண்ணெய் தடவலாம் என்றும் சொன்னாள். அதை நான் தடுத்துவிட்டேன். செடியிலிருந்து வந்தால் பூனைக்கு நல்லது என்பது இன்னொரு மூடநம்பிக்கை. செடியின் நச்சைத்தான் பூனையால் முறிக்க முடியாதே!

நீங்கள் பூனை வளர்க்கிறீர்கள் என்றால் மூன்றே விஷயம். ஒன்று, பூனையைச் சீவும்போது விழும் கருப்புத் துகளை ஈரக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பாகக் கரைந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறது, அது காய்ந்த ரத்தம். இரண்டு, பூனையைவிட அது படுக்கும் இடத்தை அதிகமாகக் கவனியுங்கள். கூட்டுக்குள் இருப்பது பிறகு வரும், அதனால் மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். மூன்று, குப்பியில் பூனை என்று எழுதியிருக்கிறதா, உள்ளே பெர்மெத்ரின் இருக்கிறதா என்று படித்துவிட்டு மூடியைத் திறங்கள். வீட்டில் நாயும் பூனையும் சேர்ந்து படுத்தால், நாய்க்குப் போடும் மருந்தையும் டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள்.

நான் படிக்காமல் திறந்தேன். மிளகு பிழைத்தது அதன் அதிர்ஷ்டம். இப்போதும் என் கையில் எந்தக் குப்பியைப் பார்த்தாலும் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்துகொள்கிறது, அது தேங்காய் எண்ணெயாக இருந்தாலும் சரி. நியாயம்தானே?